லோஷனுக்குச் சாகாத பேன்

மூன்றாவது முறை லோஷன் போட்டுத் தலை வாரியபோது, சீப்பிலிருந்து வெள்ளைத் துணியில் விழுந்த பேன்கள் நடந்தன. ஒன்றிரண்டு என்றால் கருப்பாயி பொருட்படுத்தியிருக்க மாட்டாள். ஏறக்குறைய எல்லாமே நடந்தன. பத்து நிமிடம் மருந்தில் ஊறிய தலையிலிருந்து இறங்கியவை, மழைக்கு ஒதுங்கி நின்றுவிட்டுக் கிளம்பியவை போல நிதானமாகத் துணியின் ஓரம் தேடி ஊர்ந்தன.

அந்தமான் தலைநகர் போர்ட் பிளேயரில் அபர்டீன் பஜாருக்கு மேலே ஏறும் சரிவில் இருக்கிறது கடலோசை மாணவியர் விடுதி. ஒரு தனியார் டிரஸ்ட் நடத்துவது. அறுபது பெண்கள். பாதிக்கு மேல் கச்சால், ஹட் பே என்று வெளித்தீவுகளிலிருந்து கப்பலேறி வந்து பக்கத்துப் பள்ளியில் படிப்பவர்கள். மற்றவர்கள் பெரார்கஞ்ச் பக்கத்துப் பிள்ளைகளும், வேறு தீவுக்கு மாற்றலாகிப் போன அரசு ஊழியர்களின் மகள்களும். அந்த விடுதியின் ஆயா கருப்பாயி. வயது நாற்பத்தாறு. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பத்தில் பிறந்தவள். அந்த அறுபது தலைகளையும் அவள் விரல்களுக்குத் தனித்தனியாகத் தெரியும்.

ஜூனில் முதல் முறை லோஷன் போட்டபோது, துணி முழுக்க எள்ளைக் கொட்டியது மாதிரி செத்த பேன்கள். இரண்டோ மூன்றோ மட்டும் கால் அசைத்தன. கைக்கு அகப்பட்டதைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துக் குத்திவிட்டு அந்த விஷயத்தையே மறந்துபோனாள். ஜூலையில் மறுபடி அரிப்பு. இரண்டாம் முறை போட்டாள். பாதி செத்தது, பாதி நடந்தது. இன்று ஆகஸ்ட் பதினைந்து. காலையில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்து, லீவு நாளாயிற்றே என்று மூன்றாம் முறை போட்டாள். அதே மருந்து, அதே அளவு, அதே கை. சாகத்தான் மாட்டேன் என்றன.

துணியை மடித்து எடுத்துக்கொண்டு வார்டன் சுகுணாவின் அறைக்குப் போனாள்.

"மேடம், இந்த மருந்து இதுகளுக்கு ஆவல. பாருங்க, எப்பிடிப் போவுதுன்னு."

சுகுணா மதுரைக்காரர். கணவர் வேலைக்கு வந்த இடத்தில் இந்த வேலையில் சேர்ந்தவர். துணியைப் பார்க்காமல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். மேசையில் பள்ளியிலிருந்து வந்த கடிதம் கிடந்தது.

"உங்க ஹாஸ்டல் பிள்ளைககிட்டருந்துதான் எங்க பிள்ளைகளுக்குப் பேன் ஏறுதுன்னு நாலு அம்மாமார் எழுதிக் குடுத்திருக்காங்க. நீ மருந்துல தண்ணி கலந்திருக்க, கருப்பாயி. இல்லன்னா எப்படிச் சாகாம இருக்கும்?"

"நான் ஏன் மேடம் தண்ணி கலக்கணும்?"

"அறுபது தலைக்குக் காணணும்ல."

"காணலன்னா இன்னொரு பாட்டில் கேட்டிருப்பேன். கலக்க மாட்டேன்."

"இதெல்லாம் இப்ப பேசி என்னத்துக்கு? செகரட்டரி சார் முடிவு பண்ணிட்டாரு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு பார்பர் வர்றாரு. பதினேழு பேருக்கு மொட்டை. இந்தா லிஸ்ட்."

கருப்பாயி லிஸ்ட்டை ஒவ்வொரு பெயராகப் படித்தாள். பதினேழும் வெளித்தீவுப் பிள்ளைகள். அத்தனை பேரும் தோட்டக் கூலிகளின், மீன்பிடிப்பவர்களின் மகள்கள்.

"மேடம், இதுல இல்லாத தலையிலயும் பேன் இருக்கு. நானே எடுத்திருக்கேன்."

சுகுணா குரலைத் தாழ்த்தினார். "அவங்க அப்பா அம்மா வந்து கேள்வி கேப்பாங்க, கருப்பாயி."

கருப்பாயிக்கு அதற்கு மேல் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேள்வி கேட்காத அம்மாவாக அவளே ஒரு காலத்தில் இருந்திருக்கிறாள். சுனாமி கச்சாலை வாரிக்கொண்டு போன பிறகு, ஒரு முகாமில் நான்கு மாதம் இருந்தார்கள். மகள் ராணிக்கு அப்போது ஐந்து வயது. பேன் பரவுகிறது என்று யாரோ உதவிக்கு வந்தவர்கள் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து வழித்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். வீடும் மாமியாரும் போன துக்கத்தில், மயிர்தானே, வளரும் என்று கருப்பாயி சும்மா நின்றாள். ராணி தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு கூடாரத்தின் மூலையில் உட்கார்ந்தவள், மூன்று வாரம் யாரோடும் பேசவில்லை. இப்போது சென்னையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். முடியின் நுனியை ஒரு அங்குலம் வெட்டக்கூட அவள் யாரையும் விடமாட்டாள்.

"நான் மொட்டை அடிக்க விட மாட்டேன் மேடம்," என்றாள் கருப்பாயி.

"நீ யாரு விடுறதுக்கு?"

லிஸ்ட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அன்று மாலை ஹட் பேயிலிருந்து விடுதிக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்து சேர்ந்தது. கடல் கொந்தளிப்பில் இரண்டு கப்பல் கேன்சலாகி, இரண்டு வாரம் தாமதமாக வந்த ஏழாம் வகுப்புப் பெண் சங்கவி. முன்பு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த முருகையாவின் மகள். அப்பா வாசலில் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, திரும்புகிற கப்பலுக்கு டிக்கெட் வாங்க ஓடினார். பிள்ளை நின்ற இடத்திலேயே தலையைச் சொறிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்த சுகுணா லிஸ்ட்டில் பதினெட்டாவதாக ஒரு பெயர் சேர்த்தார்.

"வா புள்ள, ஒக்காரு," என்று கருப்பாயி அவளை வராந்தாவில் உட்கார வைத்தாள். "வூட்டுல என்னா மருந்து போடுவாங்க?"

"மருந்தெல்லாம் இல்லக்கா. அம்மா சீப்பு போட்டு எடுக்கும். இப்ப தம்பி பொறந்திருக்கான், அதான் எடுக்கல."

வேறு துணி கைக்கு வரவில்லை. காலையில் விரித்த அதே துணி, மழைக்கால ஈரத்தில் இன்னும் காயாமல் லோஷன் வாடையோடு கொடியில் கிடந்தது. அதையே இழுத்து மடியில் விரித்து, சங்கவியின் தலையை வாரினாள். பொலபொலவென்று விழுந்தன. விழுந்தவை கொஞ்ச தூரம் நகர்ந்து, தள்ளாடி, மல்லாந்தன. கொஞ்ச நேரத்தில் கால்கள் சுருண்டுவிட்டன.

கருப்பாயியின் கை அப்படியே நின்றது. காலையில் இதே துணியில்தான் அவை உலாத்தின. துணி அதுதான், மருந்து அதுதான். மாறியிருப்பது பேன் ஒன்றுதான்.

"என்னக்கா?" என்றாள் சங்கவி.

"ஒண்ணுமில்ல. ஒன் தலையில இருக்குறது நல்ல பேனு," என்றாள் கருப்பாயி. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் அவள் பேனைப் பாராட்டியதில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மதியம் வேலை ஓய்ந்ததும் கருப்பாயி இரண்டு தைலப் புட்டிகளைக் கழுவித் துடைத்தாள். ஒன்றில் சங்கவியின் தலையிலிருந்து சீப்பால் எடுத்த பேன்களைப் போட்டாள். இன்னொன்றில் லோஷனுக்கு மூன்று முறை தலை கொடுத்த இரண்டு பிள்ளைகளின் பேன்கள். அந்த இருவரில் ஒருத்தி லிஸ்ட்டில் இருப்பவள், மற்றவள் ஒரு அதிகாரியின் மகள். புட்டி மூடியில் ஊசியால் துளை போட்டாள். அலமாரியிலிருந்து லோஷன் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கி பஜாருக்குப் போனாள்.

விடுதிக்கு மருந்து கொடுக்கும் கடை பாலகுமாருடையது. போர்ட் பிளேயரிலேயே பிறந்து, கடல் தாண்டி மெயின்லேண்டில் போய் பார்மசி படித்து வந்தவன். மதிய நேரம், கடையில் கூட்டமில்லை.

"தம்பி, இந்த மருந்துல தண்ணி கலந்திருக்கான்னு பாத்துச் சொல்லு."

அவன் பாட்டிலை ஆட்டிப் பார்த்தான், முகர்ந்தான். "இதெல்லாம் சும்மா பாத்துச் சொல்ல முடியாதுக்கா. லேப்ல குடுக்கணும். ஏன்?"

"அப்ப நாம இங்கயே ஒரு லேப் போடுவோம்." புட்டிகளை கவுண்டரின் மேல் வைத்தாள்.

பாலகுமார் பின்னுக்கு நகர்ந்தான். "ஐயோ அக்கா, கஸ்டமர் வர்ற எடம்!"

"வந்தா வரட்டும். நான் மருந்துல தண்ணி கலந்தேன்னு சொல்லியிருக்காங்க. நாளைக்குப் பதினெட்டுப் புள்ளைங்களுக்கு மொட்ட. நீ வித்த மருந்து. நீதான் பாக்கணும்."

அவன் தயங்கிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினான். மாத்திரை எண்ணும் வெள்ளைத் தட்டுகள் மூன்றை எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பஞ்சுத்துணி விரித்தான். லோஷனை எடுக்கப் போனவளைத் தடுத்தான்.

"உங்க பாட்டில் வேண்டாம். சந்தேகம் இருக்குல்ல. கடையில இருந்து புதுசு ஒடைக்கிறேன். அப்புறம், ஒரு தட்டுல வெறும் தண்ணி விடுவோம். இல்லன்னா தூக்கிட்டு வந்த அலுப்புல செத்துச்சா, மருந்துல செத்துச்சான்னு தெரியாது."

படித்தவன் படித்தவன்தான் என்று நினைத்துக்கொண்டாள் கருப்பாயி.

முதல் தட்டில் விடுதிப் பேன் பத்து, மருந்து. இரண்டாவதில் சங்கவியின் பேன் பத்து, மருந்து. மூன்றாவதில் இரண்டு புட்டியிலிருந்தும் ஐந்து ஐந்து, தண்ணீர். மேலே கண்ணாடித் தம்ளர்களைக் கவிழ்த்தார்கள். பாலகுமார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு மணி நேரம். நடுவில் இரண்டு பேர் ஷட்டருக்குக் கீழே குனிந்து மாத்திரை கேட்டார்கள். தம்ளர்களைப் பார்த்து என்ன என்று கேட்டவருக்கு, "ஜூ" என்று பேனுக்கான இந்திப் பெயரைக் கருப்பாயி சொன்னதும் அவர் மீதிச் சில்லறையை வாங்காமலே போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துப் பாலகுமார் பூதக்கண்ணாடியோடு குனிந்தான். தண்ணீர்த் தட்டில் பத்தும் உயிரோடு இருந்தன. விடுதிப் பேனில் எட்டு நன்றாக நடந்தன, இரண்டு கிடந்தன. சங்கவியின் பேனில் ஒன்பது செத்திருந்தன.

"பழகிப்போச்சுக்கா," என்றான் அவன் மெதுவாக. "ஊர் முழுக்க இதே லோஷனைத்தான் வாங்குது. வருஷக்கணக்கா போட்டுப் போட்டு டவுன் பேனுக்கு மருந்து பழகிப்போச்சு."

"ஒம்பதுதானே செத்திருக்கு? மிச்சம் ஒண்ணு?"

"அது நடக்குது."

கருப்பாயி பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். செத்த ஒன்பதுக்கும் நடுவில் அது ஒன்று, நனைந்த துணியின் இழையைப் பற்றிப் பற்றி நகர்ந்துகொண்டிருந்தது. மற்றவற்றிலிருந்து எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதே நிறம், அதே அளவு. ஜூன் மாதம் துணியில் கால் அசைத்த அந்த இரண்டு மூன்று பேன்கள் நினைவுக்கு வந்தன. எல்லாவற்றையுமா குத்தினாள்? அகப்பட்டதைக் குத்தினாள். தலையிலேயே தங்கிப்போனவை எத்தனையோ?

"இது நேத்துத்தான் கப்பல்ல வந்திச்சி தம்பி," என்றாள். "லோஷன்னா என்னான்னே இதுக்குத் தெரியாது. இதுக்கு எப்பிடிப் பழகும்?"

பாலகுமார் மறுபடி தட்டின் மேல் குனிந்தான்.

"பழகல. இது பொறக்கும்போதே இப்பிடி. எல்லாப் பேனும் ஒண்ணாத் தெரியிது, ஆனா ஒண்ணா இல்ல. நூத்துல ஒண்ணு ரெண்டு இப்பிடி இருந்திருக்கு. நாம மருந்தப் போட்டு மத்ததயெல்லாம் கொன்னு, இதுக்கு எடம் ஒதுக்கிக் குடுத்திருக்கோம். செத்தது செத்துப்போச்சு. சாகாதது ஈரு வச்சிருச்சி. அந்த ஈருலேர்ந்து வந்ததும் சாகாது. ரெண்டு மாசத்துல தலை பூரா அதுதான்."

"இயற்கைத் தேர்வு," என்றான் பாலகுமார். அவன் முகம் மாறியிருந்தது. "படிச்சிருக்கேன்க்கா. பரீட்சையில அஞ்சு மார்க் கேள்வி. நானே எழுதியிருக்கேன்."

"பரீட்சையில எழுதுனியே, கடையில ஏன் தம்பி தோணல?"

கடையின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து, மூன்று தட்டுகளிலும் கண்டதை எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினான். பிறகு பின்னாலிருந்து நெருக்கமான பல் வைத்த எஃகுப் பேன் சீப்புகள் நான்கை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "இதுக்கு எந்தப் பேனும் தப்பாது" என்றான்.

"தப்பும்," என்றாள் கருப்பாயி. "குஞ்சு பல்லு சந்துல பூந்து போயிரும். சீப்பும் பெருசாப் பாத்துத்தான் பிடிக்கும். அதுனாலதான் விட்டுவிட்டு வாரணும். குஞ்சு வளந்து ஈரு வைக்கிறதுக்குள்ள மறுபடி பிடிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தது. பார்பர் நிதாய் வங்காளி, பஜாரில் இருபது வருடமாகக் கடை வைத்திருப்பவர்; ஊருக்கே ‘தாதா’, அண்ணன். பெட்டியைத் திறந்து கத்திக்கு பிளேடு மாற்றிக்கொண்டிருந்தார். டிரஸ்ட் செகரட்டரி சந்திரசேகர் காரிலிருந்து இறங்கினார். தமிழ்நாட்டிலிருந்து வந்து சிமெண்ட், கம்பி வியாபாரத்தில் வேரூன்றியவர். அடுத்த மாதம் நன்கொடையாளர்கள் மெயின்லேண்டிலிருந்து வருகிறார்கள், அதற்குள் விடுதி சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் கவலை. பதினெட்டுப் பெண்களும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் ஒருத்தி பின்னலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

கருப்பாயி தாளை நீட்டினாள். சந்திரசேகர் இரண்டு வரி படித்தார்.

"என்னம்மா இது, பேனுக்குப் பரீட்சை வச்சியா?"

"ஆமா சார். இந்தப் புள்ளைங்க கொண்டாந்த பேனு லோஷனுக்குச் சாவுது. இங்க இருக்குறதுதான் சாவல. டவுன் பூரா அந்த லோஷனப் போட்டுப் போட்டு வளத்த பேனு அது. இதுகளுக்கு இங்க வந்துதான் ஏறியிருக்கு."

"அதுக்கு?"

"மொட்ட அடிச்சா இதுங்களுக்குப் போயிரும். முடி மொளச்சதும் பக்கத்துத் தலையிலேர்ந்து மறுபடி ஏறும். எல்லாத் தலையும் ஒண்ணாப் பாக்கணும். மூணு நாளைக்கு ஒருக்கா, எண்ணெ தடவி, சீப்பு போட்டு. இருவத்தோரு நாளு குடுங்க."

"அதெல்லாம் முடியாது. ஆர்டர் போட்டாச்சு." அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நிதாய், ஆரம்பி."

பாலகுமாரின் சீல் அந்தப் பைக்குள் போனதைக் கருப்பாயி பார்த்தாள். உண்மையைக் கையில் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்று நேற்று முழுக்க நம்பியிருந்தாள். இப்போது அவளுக்குக் கோபம் வந்தது. சத்தம் போடுகிற கோபம் இல்லை. கை கால்கள் தாமாக வேலை செய்கிற கோபம்.

போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். இடுப்பு வரை விழுந்தது, பாதி நரைத்த முடி.

"எனக்கு மொதல்ல எடுங்க, தாதா."

"ஏய், எந்திரி," என்றார் சந்திரசேகர்.

"எதுக்கு சார்? பேன் இருக்குற தலைக்கு மொட்டன்னுதானே ஆர்டரு? என் தலையிலயும் இருக்கு. ரெண்டு மாசமா இதுக தலையோட தல வச்சிக் கெடக்கேன். எனக்கு எடுத்துட்டு, அடுத்தது மேடத்துக்குப் பாப்போம். அப்புறம் லிஸ்ட்டுல இல்லாத புள்ளைங்களுக்கு. அவங்க அப்பா அம்மாவையும் கூப்புடுங்க, வந்து பாக்கட்டும். எல்லாருக்கும் ஆனப்பறம் இந்தப் பதினெட்டுக்கு எடுங்க. நானே புடிச்சிக் குடுக்குறேன்."

சுகுணாவின் கை தன்னை அறியாமல் காதுக்குப் பின்னால் போய், பாதியில் நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். சமையல்காரி பொன்னம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். "அப்ப நான் ரெண்டாவது," என்றாள். மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். அந்த அதிகாரியின் மகள். லிஸ்ட்டில் இல்லாதவள். படிக்கட்டில் சங்கவியின் பக்கத்தில் உட்கார்ந்து ரிப்பனை அவிழ்த்தாள்.

நிதாய் கத்தியை மடக்கினார். "நை சாப்," என்றார். "இஷ்டம் இல்லாம பொம்பளப் பிள்ளைக்கு முடி எடுக்க மாட்டேன். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு." பெட்டியை மூடிக்கொண்டு, கருப்பாயியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு கேட்டைத் தாண்டிப் போனார்.

சந்திரசேகரின் கழுத்து சிவந்திருந்தது. "இருபத்தோரு நாள்," என்றார். "அதுக்கப்புறம் ஒரு பேன் இருந்தாலும் நீ இங்க இருக்க மாட்ட."

"ஒரு பேன்கூட இருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன் சார். யாராலயும் சொல்ல முடியாது. கொறையும். மொட்ட மட்டும் நடக்காது. அதுக்குப் பதிலா என்னைய அனுப்பிச்சாலும் சரி."

அன்று பிற்பகலே தொடங்கினார்கள். வராந்தாவில் பாய் விரித்து, ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி, ரயில் பெட்டிகள் மாதிரி உட்கார்ந்து, ஒருவர் தலையை ஒருவர் வாரினார்கள். தேங்காய் எண்ணெயில் ஊறிய முடியில் பேன் ஓட முடியாமல் சீப்புக்கு அகப்பட்டது. பிடித்ததை வெந்நீர்க் குவளையில் தட்டினார்கள். தமிழ், வங்காளம், தெலுங்கு என்று பேசும் பிள்ளைகள், அந்தமான் இந்தியில் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டார்கள். மூன்றாம் நாள் மறுபடி. ஆறாம் நாள் மறுபடி. அன்று சுகுணா கருப்பாயியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, கொண்டையை அவிழ்த்தார்.

"வெளிய வாங்க மேடம்," என்றாள் கருப்பாயி. "வெளிச்சம் அங்கதான் இருக்கு."

சுகுணா அவிழ்த்த கொண்டையை அள்ளிப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்து வந்து பாயின் கடைசியில் உட்கார்ந்தார். அவருக்கு வாரியது கச்சால் பெண் ஒருத்தி. "மேடம், வலிச்சா சொல்லுங்க," என்றாள் அவள், பயத்தோடு. சுகுணா சிரித்துவிட்டார்.

இருபத்தோராம் நாள் கருப்பாயி, சங்கவியோடு சேர்த்துப் பிள்ளைகள் அறுபத்தொன்று, சுகுணா, பொன்னம்மா என்று அறுபத்து மூன்று தலைகளையும் தானே பார்த்தாள். நான்கு தலையில் இருந்தது. ஐந்தாவதில் ஒரு குஞ்சு. அதை மறைக்கவில்லை. எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் ஒட்டினாள். நன்கொடையாளர்கள் வந்து, அறைகளைப் பார்த்து, பிரியாணி சாப்பிட்டுப் போனார்கள். யாரும் யார் தலையையும் பார்க்கவில்லை.

பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்குப் பேன் குறையவில்லை. இப்போது விடுதியைக் குற்றம் சொல்ல முடியவில்லை. ஒரு ஞாயிறு, முன்பு கடிதத்தில் கையெழுத்துப் போட்ட தாய்மாரில் ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூட வந்த மகள் தலையில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"லோஷன் நாலு தடவை போட்டுட்டோம்," என்றார் அந்த அம்மாள், கேட்டுக்கு வெளியிலேயே நின்று. "நீங்க ஏதோ செய்றீங்களாமே."

"சீப்பு வச்சிருக்கீங்களா? பஜார்ல பாலகுமார் கடையில இருக்கு, எஃகுல. வாங்கிட்டு வாங்க," என்றாள் கருப்பாயி. "பொண்ணுக்கு மட்டும் இல்ல, ஒங்களுக்கும் பாக்கணும். பாயில எல்லார் கூடவும்தான் ஒக்காரணும்."

அந்த அம்மாளின் முகம் சுருங்கியது. ஆட்டோ திரும்பிப் போனது. அரை மணி நேரத்தில் அதே ஆட்டோ சீப்போடு வந்து நின்றது.

மார்ச்சில் கருப்பாயியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாள் வந்தது. கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: மருந்தில் தண்ணீர் கலந்ததாக எழுந்த புகாரை முன்னிட்டுப் பணியாளர் எச்சரிக்கப்படுகிறார்.

"கையெழுத்து போட்டுரு," என்றார் சுகுணா. "சம்பிரதாயம்தான். யாரு படிக்கப் போறா?"

"நான் படிச்சிட்டேனே மேடம்."

"போடலன்னா வேலை இல்லன்னுவாங்க."

"சொல்லட்டும். தண்ணி கலக்காதவ கலந்தேன்னு கையெழுத்து போட மாட்டேன். புள்ளைங்க தலைக்கு நின்னேன், என் பேருக்கு நிக்க மாட்டேனா?"

கையெழுத்தில்லாத தாள் பதினோரு நாள் மேசையில் கிடந்தது. பதினோரு நாளும் அவள் வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து மணி அடித்தாள், தலை வாரினாள், பாய் உதறினாள். பன்னிரண்டாம் நாள் சந்திரசேகரின் ஆள் தாளை வாங்க வந்தான். சுகுணா பேனாவை எடுத்தார். அந்த வரியின் மேல் கோடு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. அதனால் அதற்குக் கீழே இருந்த இடத்தில் தெளிவான எழுத்தில் எழுதினார்: இப்புகாரைக் கூறியவள் நான். அது தவறு. மருந்தில் தண்ணீர் கலக்கப்படவில்லை. வார்டன் சுகுணா.

தாளைக் கருப்பாயியின் பக்கம் திருப்பி வைத்தார்.

கருப்பாயி சத்தமாக ஒருமுறை படித்தாள். வந்த ஆளுக்குக் கேட்கட்டும் என்று இன்னொரு முறையும் படித்தாள். பிறகு தன் பெயரை முழுசாக எழுதினாள்.